நாலாம் பக்கத்தில் இறந்துபோன என் மனைவி

என் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். அதில் நான் மூன்று முறை ஆட்சியைக் கவிழ்க்கிறேன், ஒரு முறை கழுகாக மாறிக் கோட்டையின் கொடிமரத்தில் உட்காருகிறேன், கடைசியில் ஒரு அலமாரிக்குள் நுழைந்து காணாமல் போகிறேன். என் மனைவி நாலாம் பக்கத்தில் இறந்துபோகிறாள். இதில் கடைசியாகச் சொன்னதைத் தவிர வேறு எதற்காகவும் எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை.

பிரபல எழுத்தாளர் என்று என்னை நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். மற்றவர்கள் சொல்லாமல் விட்டால் கோபம் வரும். முப்பது வருடம் திண்டிவனத்தில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்துவிட்டு மாலையில் திரும்பினேன். உட்கார இடம் கிடைத்த நாட்களில் ரயிலிலேயே கதை எழுதினேன். எனக்கு உட்கார இடமே கிடைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் விமர்சகர்களும் உண்டு. என் கதை ஒன்று பாடப்புத்தகத்தில் வந்தது. அதிலிருந்து மாவட்டத்திலுள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் மேல் ஒரு வருத்தம். மருந்துக்கடைக்காரரின் மகள், "அந்தக் கதை நீங்க எழுதனதா சார்?" என்று கேட்ட தொனியில் நான் என்னவோ அவள் வீட்டுக் கோழியைத் திருடியது போலிருந்தது.

இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். தாடிக்குள்ளிருந்து ரொம்ப மெதுவாகப் பேசுவார். "உங்க வாழ்க்கைய அப்படியே எடுக்கல சார். உங்க வாழ்க்கை கண்ட கனவ எடுக்கறேன்" என்றார். அப்படியே எடுத்தால் ஒரு ஆள் ரயிலில் போகிறான், அதே ரயிலில் திரும்பி வருகிறான் என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நான் கௌரவமாகச் சற்று யோசிப்பது போலப் பாவனை செய்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டு பக்கத் திரைக்கதையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான் இரவில் ஒரு வாக்கியம் எழுதினால் காலையில் அது நடந்துவிடும். 'நாற்காலி காணவில்லை' என்று எழுதுகிறேன், முதலமைச்சரின் நாற்காலி மறைந்துவிடுகிறது. ரகசியப் போலீஸ் துரத்துகிறது. மண்டகப்பட்டுக் குகைக்குள் ஓடி ஒளிகிறேன். வெளியே வந்தால் அது தலைமைச் செயலகத்தின் அலமாரி. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் கொட்டி வைத்த, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் குவியல்களுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான கைகள் நீண்டு எனக்கு ஓட்டுப் போடுகின்றன. அமைச்சர்கள் புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கி அமைச்சரவைக் கூட்டம் நடத்துகிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒன்றுகூட எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் கடைசியில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஆபீஸ் பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் கோப்பும் சிவப்பு மைத் திருத்தம் இல்லாமல் என் மேசையைத் தாண்டியதில்லை. தவறே இல்லாத கோப்பில்கூட ஒரு காற்புள்ளியாவது போட்டு அனுப்புவேன். இல்லாவிட்டால் நான் படித்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திரைக்கதையில் இறங்கினேன். பதினோராம் பக்கத்தில் 'லேசான தொந்தி' என்றிருந்ததை அடித்து 'நடுத்தர உடல்வாகு' என்று எழுதினேன். முப்பதாம் பக்கத்தில் நாயகன் நாயைப் பார்த்துப் பயப்படுவதை நீக்கினேன். அது இயக்குநருக்கு எப்படித் தெரிந்தது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நாலாம் பக்கத்திலும் ஒரு திருத்தம் செய்தேன். அதைச் சொல்லும் இடம் வரும்போது சொல்கிறேன். இப்போது சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது.

"வீட்டம்மா ஏன் சார் சாகணும்னு நெனைப்பீங்க" என்று இயக்குநரே போனில் விளக்கம் சொன்னார். "ஹீரோவுக்கு ஒரு இழப்பு வேணும். இழப்பே இல்லாத ஆள் எப்படி சார் ஆட்சியக் கவுப்பான்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான் ஏன் இதுவரை எந்த ஆட்சியையும் கவிழ்க்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

என் மனைவியிடம் நாங்கள் இருவரும் எதுவும் கேட்கவில்லை. அவள் நான் எழுதிய எதையும் படித்தவள் இல்லை. செய்தித்தாளில் டெண்டர் அறிவிப்பு வரை படிப்பாள், என் கதையை மட்டும் தொடமாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கூட இருந்து பாக்கறதே போதுங்க. அத வேற படிக்கணுமா?" என்றாள். அதனால் இதையும் படிக்கப் போவதில்லை என்ற தைரியம் எனக்கு. இறந்த மனைவி படத்தில் புகைப்படமாக மட்டும்தான் வருவாள், அதற்கு ஏற்ற முகமாக ஒரு படம் வேண்டும் என்று இயக்குநர் கேட்டபோது, அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆல்பத்திலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். அவள் தம்பி மகளின் காதுகுத்தில் எடுத்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

படப்பிடிப்பு எங்கள் ஊரிலேயே ஒரு நாள் நடந்தது. மனைவியை இழந்த எழுத்தாளர் தெருவில் நடக்கிறார், பார்க்கும் சுவரெல்லாம் அவள் முகமே தெரிகிறது, இதுதான் காட்சி. அதற்காக ரயில்வே கேட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை என் மனைவியின் சிரித்த முகத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள், தேர்தலில் கை தேர்ந்தவர்கள். அவர்கள் மைதா மாவு காய்ச்சி ஒட்டினால் சுவர் பெயர்ந்து வந்தாலும் வரும், போஸ்டர் வராது. மதியத்துக்குள் காட்சியை முடித்துவிட்டு, வெளிச்சம் போவதற்குள் குகைக் காட்சியை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் மண்டகப்பட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். போஸ்டர்களைக் கிழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. என்னைப்போல நடித்தவர் என்னைவிட நன்றாக நடந்தார் என்ற மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

என் மனைவி பிறந்த ஊர் வல்லம். அந்த ஊர்க்காரர் ஒருவர் செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறார். பஸ் நகர்ந்துகொண்டிருந்ததால் அவரால் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அது போதுமானதாக இருந்தது. அவர் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. என் மைத்துனன் எங்களுக்கு விடாமல் போன் செய்திருக்கிறான். அவளுடைய போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. என்னுடையதை, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்குவதற்காக, சத்தம் வராமல் வைத்திருந்தேன்.

மாலை நான்கு மணி இருக்கும். தெருமுனையில் மேளம் கேட்டது. என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வூட்லங்க சாவு?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"பாவம், யாரோ. எட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்று மடியைத் தட்டிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

நாங்கள் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று எங்கள் வீட்டை நோக்கியே வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பெண்கள் மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் என் மைத்துனன், கையில் ஆளுயர மாலை. பக்கத்தில் அவன் மனைவி, தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு புதுப்புடவை. கட்டிக்கொடுத்த பெண் இறந்துவிட்டால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்துகிற கோடி அது. என் மனைவி முதலில் முகத்தைச் சோகமாகத்தான் வைத்துக்கொண்டாள். பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"டேய், யாருக்குடா?" என்றாள்.

மைத்துனன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். இறந்தது யார் என்று மேளக்காரர்களுக்குத் தெரியாதாகையால் அவர்கள் நிறுத்தவில்லை. அவளுடைய சித்தி ஒருத்தி, பாதி ஒப்பாரியில் இருந்தவள், உடனே நிறுத்த முடியாமல் என் மனைவியின் தோளையே கட்டிக்கொண்டு, "எப்டிம்மா ஆச்சி? நல்லாத்தான இருந்த?" என்று அழுதாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவல சித்தி. மல்லாட்ட உரிச்சிக்கினு இருந்தேன்" என்றாள் என் மனைவி.

மைத்துனன் மாலையோடு வாசலோரக் கால்வாய் மூடியின் மேல் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். செத்துவிட்டாள் என்று வரும்போது அழுததைவிட, இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அதிகமாக அழுதான். ஐம்பது வயது ஆள், டிராக்டர் வைத்துப் பயிர் செய்கிறவன், ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்கிறவன். "பஸ்ஸுல பாத்துட்டு வந்து சொன்னாங்கக்கா. நெஞ்சே அடைச்சிப்போச்சி" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "போன எடுக்கறதுக்கு என்னா மாமா உங்களுக்கு?" என்றான்.

வந்த அத்தனை பேருக்கும் என் மனைவி உப்புமா கிளறினாள். மேளக்காரர்களில் பெரியவர், "வந்துட்டோம், என்னா அடிக்கறதும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். "கல்யாண அடி அடிங்க" என்றாள். அடித்தார்கள். எங்கள் தெருவில் முதலில் துக்கம் கேட்க வந்தவர்கள் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கூடத்தில் என் விருதுக் கேடயம் இருக்கிறது. "இது சும்மாதான் கெடக்குது" என்று அதற்குப் போட்டுவிட்டாள்.

சாவுக்கு வந்தவர்கள் புறப்படும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். பழக்க தோஷத்தில் எல்லோரும் கையைக் கழுவிவிட்டுப் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஏன்டா, சொல்லிக்காம போறீங்க? நான் இருக்கேன்டா" என்று வாசலிலிருந்து கேட்டாள். மைத்துனன் இறங்கி வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "போய்ட்டு வர்றோம்க்கா" என்றான். ஒவ்வொருவராக இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி புறப்பட அரை மணி நேரமானது.

அவர்கள் போன பிறகு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என் போட்டோ எப்டிங்க அவங்க கைக்குப் போச்சி?"

"கதைக்குத் தேவைப்பட்டுது" என்றேன்.

"அந்தக் கதையக் குடுங்க."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் கேட்டு வாங்கிய முதல் கதை அதுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் மூன்று பக்கத்தை நிதானமாகப் படித்தாள். நாலாம் பக்கத்தில் நின்றாள். அங்கே, 'மாலை போட்ட மனைவியின் படத்தைப் பார்த்து எழுத்தாளர் கதறி அழுகிறார்' என்று இயக்குநர் எழுதியிருந்தார். அதை நான் அடித்திருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'அழுகை வேண்டாம். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவே போதும்.'

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். "இது நீங்க எழுதனதுதான?" என்றாள்.

"ஆமா."

"நான் செத்தா அழ மாட்டீங்களா?"

அழுவேன் என்று சொல்லியிருக்கலாம். புத்தி உள்ள எந்த மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "அழுதா மிகையா ஆயிடும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள். பதினோராம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடி வைத்தாள்.

"நாலாம் பக்கத்துல நான் செத்துட்டேன். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிற எண்பத்தெட்டு பக்கத்தையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"தொந்திக்காகச் சண்ட போட்டிருக்கீங்க. எனக்காக ஒரு வார்த்த கேக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை காபி வரவில்லை. கேட்டேன். "நாலாம் பக்கத்துக்கப்புறம் நான் கெடையாது" என்றாள். செத்தவள் தனக்குக் கேப்பை அடை சுட்டுக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு மணிக்கணக்கில் பேசினாள், ஆனந்தமாகத் தொலைக்காட்சி பார்த்தாள். எனக்கு மட்டும் அவள் இல்லை. நானே பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. மறுநாள் பொங்கக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன், அன்று டிகாஷன் பாத்திரம் கருகியது. இயக்குநருக்குப் போன் செய்து, எப்படியாவது அவளைப் பிழைக்க வைக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்து முடித்துவிட்டதாகச் சொன்னார். வேண்டுமானால் கனவுக் காட்சியில் வீட்டம்மாவை ஏரி மேல் பறக்க விடலாம் என்றார். அவளிடம் சொன்னேன். "செத்தும் எனக்கு ஓய்வு இல்லையா?" என்று கேட்டாள்.

ஒரு வாரத்தில் காபி வந்துவிட்டது. அடுப்பின் கோலத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஆனால் கேட்ட கேள்வி அப்படியே கிடந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. நான் தனியாக இருக்கும்போது பதிலைச் சொல்லிப் பார்த்தேன். 'நிச்சயம் அழுவேன்' என்பது நோட்டீசுக்கு விளக்கம் எழுதுவது போலிருந்தது. 'நீ இல்லாமல் நான் எப்படி' என்று ஆரம்பித்தால் என் கதைகளில் வரும் மோசமான வசனம் போலிருந்தது. இருபது புத்தகம் எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை. அதைவிட ஒன்று என்னை வாட்டியது. எனக்கு உண்மையிலேயே அழுகை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். மைத்துனன் கால்வாய் மேல் உட்கார்ந்து அழுததை நினைக்கும்போதெல்லாம் அவன் மேல் பொறாமையாக இருந்தது.

படம் முடிந்து, விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாக எங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்கள். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். குளித்துத் தலை சீவி, அந்தக் கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கிளிப்பச்சையில் அரக்குக் கரை. தியேட்டர் வாசலில் அதைப் பார்த்த மைத்துனன் முகம் வெளிறி, "அத போய்க் கட்டலாமாக்கா?" என்றான். "எனக்குன்னு எடுத்தது. நான் கட்டாம வேற எவ கட்டுவா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் சாகும் காட்சி சீக்கிரமே வந்தது. திரையில் என்னைப்போல நடித்தவர் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுதிய ஒரு வரியை இயக்குநர் எத்தனை நேரத்துக்கு இழுத்திருந்தார் என்றால், ஆட்கள் இருமினார்கள், சிலர் வெளியே போய்விட்டு வந்தார்கள், அவர் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர், "பொண்டாட்டி செத்துக் கெடக்கறா. இவன் கரண்ட் எப்ப வரும்னு லைன் பாக்கறவன் மாரி நிக்கிறான் பாரு. கல்லு மனசுக்காரன்" என்றார். தியேட்டரே சிரித்தது. மைத்துனனும் சிரித்தான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

என் மனைவி திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள்.

"அப்டிச் சொல்லாதீங்க. அவருக்கு ஒடனே வராது" என்றாள். "அவங்க அம்மா செத்தப்பக்கூட இப்டித்தான் கல்லாட்டம் நின்னாரு. சொந்தக்காரங்க எல்லாம் திட்டிட்டுப் போனாங்க. காரியம்லாம் முடிஞ்சி பத்து நாளு கழிச்சி, மொட்ட மாடியில தனியா நின்னுக்கினு கொழந்த மாரி அழுதாரு. நான் தொவச்ச துணி பக்கெட்ட எடுத்துக்கினு காயப்போடத்தான் போனேன். பாத்துட்டு அப்டியே எறங்கி வந்துட்டேன். அன்னிக்கு துணியே காயல."

பின்வரிசைக்காரர், "தெரியாம சொல்லிட்டேம்மா" என்றார். அவள் திரும்பி உட்கார்ந்து படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். திரையில் எழுத்தாளர் ஒருவழியாக ஜன்னலை விட்டுவிட்டு ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அன்று மாடியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.